கேமராவுக்குப் போட்ட சாக்ஸ்

எங்கள் கட்டடத்தில் கருத்து இல்லாத ஆள் கிடையாது. ஆனால் கருத்துச் சொல்லியே வீடு வீடாக மாறிய ஆள் ஒருவர்தான். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் விடுதலை. பல் டாக்டர்களுக்குப் பொய்ப்பல் செய்து கொடுக்கிற பட்டறை வைத்திருக்கிறார். பகலெல்லாம் அடுத்தவர் வாயைக் கட்டிக்கொண்டு அழுகிறவர், சாயங்காலம் வீடு திரும்பியதும் தன் வாய்க்கு வேலை கொடுத்துவிடுவார்.

அவர் போனில் கம்பெனிக்காரன் போட்டுக் கொடுத்த எதுவும் இல்லை. எல்லாவற்றையும் சுரண்டி எடுத்துவிட்டு, எங்கேயோ முகம் தெரியாத நாலு பேர் சம்பளம் வாங்காமல் எழுதிய மென்பொருளை ஏற்றி வைத்திருக்கிறார். "என் போன் யாருக்கும் கட்டுப்படாது" என்று மார்தட்டுவார். உண்மைதான், அவருக்கே கட்டுப்படாது. அழைப்பு வந்தால் மணி அடிக்காமல் டார்ச் எரியும். பேருந்தில் சட்டைப்பை வெளிச்சமாகிவிட்டால் பக்கத்தில் இருப்பவர்கள்தான் "சார், உங்களுக்கு போன்" என்று சொல்ல வேண்டும்.

இன்டர்நெட் என்பது காற்று மாதிரி, அதற்குக் கதவு வைக்கக் கூடாது என்பது அவர் கட்சி. இந்தக் கட்சியால் முதல் வீடு போனது. வைஃபையைப் பாஸ்வேர்டு இல்லாமல் திறந்துவிட்டதில், தெருவே வந்து காம்பவுண்டுச் சுவரில் சாய்ந்து படம் பார்த்தது. அடுத்த வீட்டில் ஹவுஸ் ஓனர் தன் மகன் போனுக்குப் போட்டு வைத்திருந்த பூட்டை, பையன் கேட்டான் என்று இவர் எடுத்துக் கொடுத்தார். பூட்டு திறந்தது, பையன் பரீட்சையில் ஃபெயில். அந்த வாரமே சாமான் ஏற்றினார்கள்.

இப்போது எங்கள் கட்டடத்தில் முதல் மாடி. இந்த வீட்டைப் பார்த்துக் கொடுத்தவர் அவருடைய மச்சான், மேல் மாடிக்காரர். கோர்ட்டில் டைப்பிஸ்ட். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் தண்டனை. காலமெல்லாம் தீர்ப்புகளை அடித்து அடித்து, தானே எழுதிய மாதிரி ஒரு மிதப்பு. பால் பாக்கெட் ஒழுகினாலும் "பால்காரனை உள்ள தூக்கிப் போடணும்" என்பார்.

இரண்டு பேரும் படிக்கட்டில் சந்தித்தால் யாரும் மாடி ஏற முடியாது.

"தப்பு செய்யாதவன் எதுக்கு மாப்பிள்ளை மறைக்கணும்?"

"மச்சான், நீங்க பாத்ரூம் போனா கதவைச் சாத்துவீங்களா, மாட்டீங்களா?"

"சாத்துவேன்."

"உள்ள அப்படி என்ன தப்பு பண்றீங்க?"

நடுவில் மாட்டிக்கொண்டவள் விடுதலையின் மனைவி, தண்டனையின் தங்கை. கண் ஆஸ்பத்திரியில் பார்வை பரிசோதிக்கிற வேலை. "கடைசி வரி தெரியுதா, தெரியுதா" என்று ஊரில் உள்ள கண்களையெல்லாம் கேட்டுவிட்டு வந்து, வீட்டில் இரண்டு பேருக்கும் எதிரே இருப்பதே தெரியவில்லையே என்று நொந்துகொள்வாள். இந்த வீட்டுக்கு வந்த அன்றே புருஷனிடம் சொல்லிவிட்டாள்: "இன்னொரு தடவை சாமான் கட்ட என்னால முடியாது. உங்க கருத்து வீட்டை விட்டுப் போகணும்னா நீங்களும் அதுவும் சேர்ந்து போங்க. நான் இங்கதான் இருப்பேன்." சொன்னவள் சிரிக்கவில்லை.

எல்லாம் கேமரா வரும்வரை நன்றாகத்தான் போனது.

எங்கள் செக்ரட்டரி மெத்தைக் கடை வைத்திருப்பவர். அவருக்கு வந்த பார்சல் ஒன்று காணாமல் போனது. பக்கத்துக் கட்டடத்தில் கொடுத்துவிட்டார்கள் என்று பிறகு தெரிந்தது. ஆனால் அதற்குள் கேமரா வாங்கிவிட்டதால், பார்சல் கிடைத்த சந்தோஷத்தில் அதையும் மாட்டினார். மாடிப்படி தொடங்குகிற இடத்தில், தலைக்கு மேலே. அதற்கென்று ஓர் ஆப். எல்லா வீட்டுப் போனிலும் ஏற்றினார். யாராவது படியில் கால் வைத்தால் எல்லாப் போனும் ஒரே நேரத்தில் டிங் என்று கத்தும். அது ஆளைப் பார்த்து மனிதர், விலங்கு, வாகனம் என்று பிரித்துச் சொல்லும். செக்ரட்டரி வந்தால் மட்டும் எப்போதும் வாகனம் என்றே சொல்லும். உடம்பு அப்படி. "அப்டேட் வந்தா சரியாயிடும்" என்பார். அப்டேட் வந்தது. பெரிய வாகனம் என்றது.

ஆப்பை ஏற்ற மறுத்தவர் விடுதலை ஒருவர்தான். கேமரா மாட்டிய அன்று கீழே நின்று, "ஒரு மனுஷன் மாடி ஏறுறதை எதுக்கு இத்தனை பேர் பார்க்கணும்? என்னைக்காவது ஒரு நாள் இந்தக் கண்ணை நானே மூடுவேன்!" என்று முழங்கினார். ஏணியில் நின்ற எலக்ட்ரீஷியன்கூடக் கை தட்டினார். போதாதா?

கொஞ்ச நாளில் சாயங்கால வேளையில் கேமரா இருட்டாகத் தொடங்கியது. போய்ப் பார்த்தால், அதன் தலையில் ஒரு சாக்ஸ். சாம்பல் நிறம், குதிகாலில் மட்டும் ஆரஞ்சு. செக்ரட்டரி கழற்றி எடுத்துக்கொண்டு போனார். மறுநாள் இன்னொரு சாக்ஸ். அதே நிறம், அதே ஆரஞ்சு. பின்னாலிருந்து கை மட்டும் வரும், முகம் விழாது. அந்த நேரத்தில் ஆப் எல்லா வீட்டுக்கும் ஒரே செய்தி அனுப்பும்: விலங்கு.

யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

விதி பாருங்கள், விடுதலையின் வாடகை ஒப்பந்தம் முடிகிற மாதம் அது. ஹவுஸ் ஓனர் வெளியூர். "செக்ரட்டரி புகார் இல்லைன்னு ஒரு வார்த்தை அனுப்பட்டும், புதுப்பிச்சுத் தர்றேன். இல்லைன்னா காலி பண்ணிடுங்க" என்று சொல்லிவிட்டார்.

தங்கைக்காரி செக்ரட்டரி வீட்டுக்கு நடையாய் நடந்தாள். "அவர் அந்த நேரத்துல பட்டறையில இருந்தேன்னு நிரூபிக்கச் சொல்லும்மா. போன்லயே காட்டுமே, யார் எங்க இருந்தாங்கன்னு" என்றார் செக்ரட்டரி.

புருஷனிடம் வந்து கேட்டாள். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"என் போன் அதையெல்லாம் பதியாது! அதுதான் அதோட அருமையே!"

அன்று அவர்கள் வீட்டில் பாத்திரம் கழுவிய சத்தம் தெருமுனை வரை கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை, கார் நிறுத்துகிற இடத்தில் கூட்டம். நாற்காலி போதாது என்று செக்ரட்டரி கடையிலிருந்து பழைய சாம்பிள் மெத்தைகளைக் கொண்டுவந்து விரித்திருந்தார். விசாரணைக்கு மெத்தை போட்ட கட்டடம் உலகத்திலேயே எங்களுடையதாகத்தான் இருக்கும். வந்தவர்கள் உட்கார்ந்ததும் பாதி சாய்ந்துவிட்டார்கள். கோர்ட் அனுபவம் இருப்பதால் தலைமை தாங்கத் தண்டனையைக் கூப்பிட்டார் செக்ரட்டரி.

"சொந்தக்காரர் ஆச்சே, நான் எப்படி?" என்று தண்டனை நழுவப் பார்த்தார்.

"அதனாலதான் சார் உங்களைக் கேட்கறோம். சட்டம்னு வந்தா சொந்தம் பந்தம் பார்க்கக் கூடாதுன்னு எங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததே நீங்கதானே?"

மனுஷன் வேறு வழியில்லாமல் நாற்காலியில் உட்கார்ந்தார். சட்டை முதுகெல்லாம் அப்போதே நனைந்திருந்தது. வெயில் என்று நினைத்தோம்.

முதலில் ஒரு தீர்மானம். இதைச் செய்தது யாராக இருந்தாலும் கட்டடத்தை விட்டு வெளியேற வேண்டும். முதலில் கை தூக்கியவர் தண்டனையின் மனைவி. "ஈவு இரக்கமே கூடாது" என்றார். புருஷன் பேச்சைக் கேட்டுக் கேட்டு வளர்ந்த பாடம். அவருக்கு இந்தச் சாக்ஸ்மேல் தனிக் கோபமும் உண்டு. சமையலறை அலமாரியில் போனைச் சாய்த்து வைத்து, படியில் யார் போகிறார்கள், யார் வருகிறார்கள் என்று சீரியல் மாதிரி பார்ப்பவர் அவர். சரியாகச் சாயங்காலம் பார்த்துக் கதை இருட்டாகிவிட்டால் யாருக்குத்தான் கோபம் வராது?

பிறகு செக்ரட்டரி ஒரு கண்ணாடிப் பையை எடுத்து மேஜையில் கவிழ்த்தார். சாக்ஸ்கள் விழுந்தன. துவைத்து, மடித்து வைத்திருந்தார். எதையும் அழுக்காக வைத்திருக்க அவருக்கு மனசு வராது.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தங்கைக்காரி அப்போதுதான் அந்தச் சாக்ஸை முதல் தடவையாகப் பார்த்தாள். முன்னால் சாய்ந்தாள். அப்படியே உறைந்துவிட்டாள். மெதுவாகத் தலையைத் திருப்பித் தன் அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் மேலே போகிற தண்ணீர்க் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். விடுதலையும் சாக்ஸைப் பார்த்தார், மச்சானைப் பார்த்தார், பிறகு அவரும் அதே குழாயைப் பார்க்கத் தொடங்கினார். அப்படி என்ன அதிசயம் என்று நானும் அண்ணாந்து பார்த்தேன். குழாய்தான்.

"இது யாருதுன்னு உங்களுக்குத் தெரியுமா?" செக்ரட்டரி விடுதலையைக் கேட்டார்.

"தெரியும்."

மெத்தையில் சாய்ந்திருந்தவர்கள் எல்லாம் நிமிர்ந்தார்கள்.

"யாருது?"

"சொல்ல மாட்டேன்."

"ஏன்?"

"யார் எங்க போறாங்க, எப்ப வர்றாங்கன்னு கேமரா சொன்னா தப்பு, நான் சொன்னா மட்டும் சரியா? அவங்கவங்க வீட்டு விஷயம்."

"அப்ப நீங்கதான்னு எடுத்துக்கலாமா?"

"எடுத்துக்கிறது உங்க இஷ்டம். நான் போடலை. யார் போட்டாங்கன்னும் சொல்ல மாட்டேன்."

தங்கைக்காரி கண்ணை மூடிக்கொண்டாள். கருத்துச் சொல்லி வீடு இழந்த மனுஷன், கடைசியில் சொல்லாமலும் இழக்கப் போகிறாரே என்று நினைத்துக்கொண்டேன்.

"தலைவர் என்ன சொல்றீங்க?" என்றார் செக்ரட்டரி. "வாயைத் திறக்காதவன் குத்தவாளின்னு நீங்க எப்பவும் சொல்வீங்களே!"

தண்டனை எழுந்தார். "அப்படி ஒரேயடியா சொல்லிட முடியாது" என்றார்.

"என்ன சார்?"

"ஒருத்தர் பேசாம இருக்கறது அவர் உரிமை. பேசலைங்கறதுக்காகக் குத்தம் சாட்டக் கூடாது. சந்தேகம்னு ஒண்ணு இருந்தா, அதோட பலன் குத்தம் சாட்டப்பட்டவருக்குத்தான் போகணும். எத்தனை அப்பாவிங்க இப்படி மாட்டியிருக்காங்க தெரியுமா? நான் அடிச்ச தீர்ப்புல எத்தனையோ அப்பீல்ல உடைஞ்சிருக்கு! அதுவும் இல்லாம, செஞ்சவன் ஏன் செஞ்சான், அவனுக்கு வீட்டுல என்ன நெருக்கடின்னு யாராவது யோசிச்சோமா?"

எங்களுக்குத் தலை சுற்றியது. பால்காரனுக்குக் கிடைக்காத கருணை!

விடுதலைக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. "எனக்குச் சந்தேகத்தோட பலன் ஒண்ணும் வேணாம் மச்சான்! நான் சுத்தமானவன். பின்னாடி இன்னொரு கேமரா வைங்க. சாக்ஸ் போடற கையைப் பிடிங்க. நான் கேட்கறேன், வைங்க!"

"ரெண்டாவது கேமராவா?" தண்டனை அலறினார். "மனுஷன் மாடி இறங்கறதை எத்தனை பேர்யா பார்ப்பீங்க?"

அவர் பேச்சை இவர் பேச, இவர் பேச்சை அவர் பேச, செக்ரட்டரி யாரை அதட்டுவது என்று தெரியாமல் மேஜையைத் தட்டினார். இந்தக் களேபரத்தில் தண்டனையின் மனைவி எழுந்துபோய் ஒரு சாக்ஸை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தார்.

"கருமம், நிறத்தைப் பாரு! பிச்சை எடுக்கறவன்கூடப் போடமாட்டான். இதைப் போய்க் காசு கொடுத்து எந்தப் பைத்தியம் வாங்கியிருக்கும்?"

"நான்தான் வாங்கினேன்!"

தங்கைக்காரி எழுந்து நின்றுவிட்டாள். முகமெல்லாம் சிவப்பு. "கடை கடையா ஏறி நான்தான் வாங்கினேன், அண்ணி. சுத்தப் பருத்தி. போட்டுப் பார்க்காதவங்களுக்கு என்ன தெரியும் அதோட அருமை?"

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. நாத்தனார் அண்ணி சண்டையில் வாய் முந்திக்கொண்டது. பொண்டாட்டியே வாங்கினேன் என்கிறாள். இனி என்ன விசாரணை? கூட்டம் முழுக்க விடுதலையைத் திரும்பிப் பார்த்தது. அவர் காலில் வழக்கம்போல் ரப்பர் செருப்புதான். சாக்ஸ் போடாதவர் வேறு எதற்கு வைத்திருப்பார், கேமராவுக்குத்தான் என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் தலையாட்டினார்கள்.

செக்ரட்டரி போனை எடுத்தார். "ஓனருக்கு எழுதிடறேன். எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு."

கட்டைவிரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டத் தொடங்கினார். தங்கைக்காரி அண்ணன் பக்கம் திரும்பினாள். அழவில்லை, கத்தவில்லை.

"அண்ணே" என்றாள். அவ்வளவுதான்.

தண்டனை ஒருமுறை தன் மனைவியைப் பார்த்தார். பிறகு இரண்டு கையையும் மேஜையில் ஊன்றி, கோர்ட்டில் அடித்துப் பழகிய அதே நடையில் சொன்னார்: "மேற்படி காலுறைகள் யாவும் எனக்குச் சொந்தமானவை. அவற்றை நானே, யாருடைய தூண்டுதலும் இன்றி, சுயநினைவோடு கேமராவுக்கு மாட்டினேன்."

செக்ரட்டரியின் கட்டைவிரல் அப்படியே நின்றது.

"தங்கச்சி எனக்குக் கொடுத்தது" என்றார் தண்டனை, இப்போது சாதாரணக் குரலில். "என் வீட்டுக்காரிக்கு நிறம் பிடிக்கலைன்னு பீரோ அடியில கிடந்தது. கொடுத்ததை இவ மறந்தே போயிட்டா."

"சாக்ஸ் கிடக்கட்டும்" என்றார் மனைவி. "சாயங்காலம் வாக்கிங்னு சொல்லிட்டு மொட்டை மாடிக்குத்தானே போவீங்க? கேமராவை மூடிட்டு எங்க போனீங்க?"

இந்த இடத்தில் ஒரு மெத்தைகூட அசையவில்லை.

"சாவிக்கடைக்கு."

"எந்தச் சாவிக்கடைக்கு?"

"மார்க்கெட் முனையில. கேரம் விளையாட."

"அந்த ஆளா? உள்ள போயிட்டு வந்தவனாச்சே! நீங்கதானே அவன் தீர்ப்பை அடிச்சேன்னு சொன்னீங்க! அவன் சகவாசம் கூடாதுன்னு நான் தலையில அடிச்சுச் சொல்லலை?"

"நான் அடிச்ச தீர்ப்புல முடிஞ்சது அவன் கதைன்னு நினைச்சேன். வெளிய வந்து கடை போட்டிருக்கான். ஒருநாள் சாவி வெட்டப் போனேன். என்னை அடையாளம் தெரிஞ்சுக்கிட்டு, உட்காருங்க சார்னு நாற்காலியைத் துடைச்சுப் போட்டான். அப்புறம் போகாம இருக்க முடியலை. அவன் மாதிரி கட் ஷாட் அடிக்கற ஆள் இந்த ஊர்லயே கிடையாது."

செக்ரட்டரிக்கு வேறு கவலை. "சார், நம்ம கட்டடத்துக்கு மாத்துச்சாவி எல்லாம் அங்கதானே வெட்டினோம்? எதுக்கு உள்ள போனாரு அவரு?"

"பூட்டு உடைச்சதுக்கு."

"அதான் சாவி அவ்வளவு கச்சிதமா இருக்கு" என்றார் ஒருவர், கொஞ்சம் மரியாதையோடு.

அடுத்து தீர்மானம் வந்து நின்றது. செய்தது யாராக இருந்தாலும் வெளியேற வேண்டும். ஆனால் தண்டனையின் வீடு அவருக்குச் சொந்தமானது. சொந்தக்காரரை எப்படி வெளியேற்றுவது என்று செக்ரட்டரி முழித்தார்.

"ஓஹோ" என்றாள் தங்கைக்காரி. "அப்ப இந்தச் சட்டம் வாடகைக்காரங்களுக்கு மட்டும்தானா? எழுதுங்க. எங்க ஓனருக்கு அதையும் சேர்த்து எழுதுங்க."

செக்ரட்டரி அதுவரை தட்டியதையெல்லாம் அழித்துவிட்டு, புகார் எதுவும் இல்லை, நல்ல மனிதர் என்று புதிதாக எழுதினார். 'நல்ல' என்பதை விடுதலையே பக்கத்தில் நின்று சேர்க்கச் சொன்னார்.

ஓனரிடமிருந்து உடனே பதில் வந்தது. மகிழ்ச்சி, ஒப்பந்தத்தில் இந்த ஆப் வழியாகக் கையெழுத்திடவும், இன்றைக்குள். கீழே ஒரு இணைப்பு.

விடுதலையின் போனில் அது திறக்கவே இல்லை. மனைவியின் போனில் ஏற்றினார்கள். இருப்பிடம் வேண்டும் என்றது. தொடர்பு எண்கள் வேண்டும் என்றது. படங்கள், மைக் என்று கேட்டுக்கொண்டே போனது.

"வாடகைக்கு மைக் எதுக்கு?" என்றார் விடுதலை.

"அதானே, எதுக்கு?" என்றார் தண்டனை. தன் மனைவி ஒரு பார்வை பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார்.

"எனக்குக் காகிதத்துல அனுப்பச் சொல்லு. நான் கையெழுத்துப் போடறேன்" என்றார் விடுதலை.

"இன்னைக்குள்ளனு போட்டிருக்கு. வெளியூர்க்காரர் காகிதத்துக்கு எங்க போவாரு?" அவள் ஒவ்வொன்றாக அனுமதி, அனுமதி என்று அழுத்தினாள். ஒவ்வோர் அழுத்தலுக்கும் அவர் ஊசி குத்தியது போல் முகம் சுளித்தார். கடைசியில் வாடகைதாரர் தன் முகத்தைக் காட்ட வேண்டும் என்றது. வலப்பக்கம் திரும்பவும். திரும்பினார். கண் சிமிட்டவும். சிமிட்டினார். புன்னகை செய்யவும்.

"மாட்டேன்."

"என்னங்க!"

"என்னால முடியாது. அவன் சொன்னா நான் சிரிக்கணுமா?"

உதட்டை மட்டும் இழுத்துக் காட்டினார். புன்னகை தெரியவில்லை, மீண்டும் முயலவும் என்றது. ஊருக்கெல்லாம் பல் செய்கிறவர், தன் பல்லைக் காட்ட முடியாமல் மெத்தைகளுக்கு நடுவில் நின்றார். நாங்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னோம். ஒன்றும் ஆகவில்லை. இன்னும் ஒரு முறைதான் வாய்ப்பு, அதன் பிறகு விண்ணப்பம் ரத்தாகும் என்று சிவப்பு எழுத்தில் வந்தது.

தங்கைக்காரி போனை அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள். போனுக்கு மேலே தலையை நீட்டி, அவரை மட்டும் பார்த்துச் சொன்னாள்: "வாய் திறந்து வீட்டைத் தொலைச்ச மனுஷன், இன்னைக்கு வாயை மூடிக்கிட்டு என் அண்ணனைக் காப்பாத்தினீங்க. இந்த ஒரே ஒரு தடவைதான் நீங்க பேசாததை நான் பார்த்திருக்கேன். எனக்கு எப்படிப் பயமா இருந்துச்சு தெரியுமா, உடம்பு கிடம்பு சரியில்லையோன்னு."

அவர் அவளைப் பார்த்தார். வாயோரம் முதலில் துடித்தது. பிறகு பக்கென்று சிரித்துவிட்டார். கடைவாய்ப்பல் வரைக்கும் தெரிந்தது. போன் பச்சையாகி, ஒப்பந்தம் ஓராண்டுக்குப் புதுப்பிக்கப்பட்டது என்றது.

சிரிப்பு அடங்குவதற்குள்ளேயே அவர் கேட்டார்: "சரி, அந்தப் படத்தை எங்க போய் அழிக்கணும்?"

அவள் போனைக் கைப்பைக்குள் போட்டு, ஜிப்பைக் கடைசி வரை இழுத்து மூடினாள்.